உப்பின் மேல் போட்ட பழி

மரக்காணத்தில் எது கெட்டுப்போனாலும் காரணம் ஒன்றுதான். சீலிங் ஃபேன் கிறீச்சிட்டால் உப்பு. பைக் சாவி திரும்ப மறுத்தால் உப்பு. டிவியில் கோடு விழுந்தால் அதுவும் உப்பு. உப்பளத்துக் காற்று கதவுக் கீலைத் தின்னும், கேஸ் அடுப்பின் காலைத் தின்னும், ஜன்னல் கம்பியைப் பிடித்தால் துரு கையோடு உதிர்ந்து வரும். நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கரிந்து என் கடை வாசலுக்குத்தான் வரும். எனக்குச் சோறு போடுவதே உப்புதான். இருந்தாலும் பழியைத் தூக்கி அதன் தலையில் போடுவதில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை.

மோட்டார் கட்டுவது பிழைப்பு. கிட்டார் பெடல் கட்டுவது பைத்தியம். பெடல் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிட்டாரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற வழியில், வாசிப்பவரின் காலடியில் கிடக்கிற சின்னப் பெட்டி அது. ஒரு மிதி மிதித்தால் சாதுவாக வந்துகொண்டிருந்த சத்தம் கரகரத்து, உடைந்து, சீறிக்கொண்டு வரும். உள்ளே மந்திரம் ஒன்றும் கிடையாது. சத்தத்தை அளவுக்கு மீறிப் பெருக்கி, அதன் தலையையும் காலையும் இரண்டு டயோடு வைத்து நறுக்கிவிட வேண்டும். அதற்கு அடுத்தாற்போல ஒரு கண்டென்சர். எவ்வளவு கூர்மையை வெளியே விடலாம், எவ்வளவை உள்ளேயே அமுக்கிவிடலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதன் அளவைக் குறைத்தால் கூர்மை ஏறும். கேட்கிறவரின் ருசிக்குத் தகுந்தபடி அந்த ஒன்றை மாற்றிக் கொடுப்பதில்தான் கட்டுகிறவனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது என் அக்கா புருஷனால். மாமா ஒரு மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்தார். ஈசிஆர் ஓரமாக எந்த ஊரில் திருவிழா நடந்தாலும், திண்டிவனம் பக்கம் எந்தப் பெரிய வீட்டில் கல்யாணம் நடந்தாலும் அந்தக் குழுதான். கடையில் அவர் வாங்கி வைத்திருந்த பெடல் ஒரு நாள் ஊமையாகிவிட்டது. என்னிடம் கொண்டுவந்து போட்டார். திறந்து பார்த்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. மோட்டாருக்குள் இருக்கிற சிக்கலில் கால்வாசி கூட இல்லை. அதைப் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டு, எனக்கென்று ஒன்று கட்ட உட்கார்ந்தேன்.

முதல் பெட்டி நாசமாகப் போனது. செம்பு ஒட்டிய போர்டில் கோடு வரைந்து, மருந்தில் போட்டு வேண்டாத செம்பைக் கரைத்த பிறகு, போர்டை நன்றாகக் கழுவ வேண்டும். நான் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் கழுவினேன். மரக்காணத்தில் போர் தண்ணீர் என்பது பாதிக் கடல். காய்ந்ததும் போர்டு முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. கொஞ்ச நாளில் கோடுகளெல்லாம் பச்சை பிடித்து, மிதித்தால் பொரிகடலை வறுக்கிற சத்தம் வந்தது. அதன் பிறகு பிரம்மதேசத்துப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கேனில் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவேன். குடிக்க இல்லை, போர்டு கழுவ. கழுவிக் காய வைத்து, மோட்டார் காயிலுக்கு அடிக்கிற வார்னிஷை மேலே ஒரு பூச்சு பூசி, வெயிலில் இறுக விடுவேன். இந்த வார்னிஷ் விஷயம் கடையில் பெடல் விற்கிறவனுக்குத் தோன்றாது. அவன் ஊரில் காற்று நல்ல காற்று. என் பெட்டிக்குள் உப்பு போகாது என்று போகிற இடமெல்லாம் பெருமையடித்தேன். உண்மையும் அதுதான்.

மாமா என் பெட்டியை மேடையில் மிதித்த முதல் தடவை கூட்டத்தில் விசில் பறந்தது. பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் பெட்டியை யாரிடமாவது காட்டினால் "ஃபாரின் சரக்கு" என்றுதான் சொல்லுவார். போகட்டும், மாமா மச்சானுக்குள் இது கூட இல்லையென்றால் எப்படி. ஆனால் உண்மை எப்படியோ கசிந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து ஒருவர் வந்து இரண்டு பெட்டி சொல்லிவிட்டுப் போனார். ஆரோவில் பக்கம் வாசிக்கிறவர்கள் சிலர் பழைய பெடலைக் கொண்டுவந்து கண்டென்சர் மாற்றிக்கொண்டு போனார்கள். மோட்டார்க்காரன் என்று இருந்த பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் ஒட்டிக்கொண்டது. சோறு போடாத பெயர்தான். எனக்கு அதன் மேல்தான் ஆசை.

பிறகு மாமாவின் நச்சரிப்பு ஆரம்பித்தது.

"டேய் மச்சான், பளிச்சினு இல்லடா. கம்பளி போத்துன மாதிரி இருக்குது."

கண்டென்சரை ஒரு படி சின்னதாக்கிக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். அடுத்த சீசனுக்குள் மறுபடி வந்து நின்றார். இன்னும் சின்னதாக்கினேன். மறுபடியும் கம்பளி. கேபிள் சொருகுகிற ஜாக்கைத் துடைத்தேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்களுக்கு ஸ்பிரே அடித்தேன். கேபிள் மாற்றினேன். கிட்டாரையே பிரித்து, உள்ளே ஒயர் பற்றவைத்த இடத்தையெல்லாம் புதிதாகப் பற்றவைத்தேன். குழுவின் ஸ்பீக்கரைக் கூடச் சந்தேகப்பட்டோம். எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம், உப்பு பிடித்துவிட்டது. வார்னிஷ் அடித்த நானே சொன்னேன். வேறு ஊர்க்காரனாக இருந்திருந்தால் ஆறு மாதத்தில் வேறு எங்கேயாவது தேடியிருப்பான். எங்களுக்கு உப்பு என்று சொன்னதுமே தேடுகிற வேலை முடிந்துவிடும்.

நடுவில் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர் என்னை ஓரங்கட்டி, "ஏம்பா, உங்க மாமா பெட்டிய மிதிச்சா காதுல ஊசி ஏத்தற மாதிரி இருக்குதுப்பா, கொஞ்சம் கொறச்சி குடு" என்றார். மாமாவிடம் சொன்னேன். "அவனுக்குப் பொறாமை" என்று முடித்துவிட்டார்.

அதோடு விட்டாரா? கடையில் நாலு பேர் இருக்கும்போது வந்து, "நீ பம்பு செட்டுக்குக் காயில் கட்டறவன்டா, உன் பெட்டி பம்பு செட்டு மாதிரிதான் கத்தும்" என்பார்.

"உன் விரலுக்கு பம்பு செட்டே ஜாஸ்தி மாமா" என்பேன் நான்.

எல்லோரும் சிரிப்பார்கள். அதுவரை அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஒரு கோயில் திருவிழாவில் மேடையில் மைக்கைப் பிடித்து, "சவுண்டு சரியில்லன்னா மன்னிச்சிக்குங்க. என் மச்சான் கட்டுன பெட்டி. மரக்காணம் சரக்கு, உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நல்ல சிரிப்பு கிடைத்தால் கலைஞன் விடுவானா? அடுத்த ஊரிலும் சொன்னார். அதற்கடுத்த ஊரிலும். அது கச்சேரியில் ஓர் உருப்படியாகவே ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, பெட்டி நன்றாக இருந்த காலத்தில் அது ஃபாரின். கெட்டதும்தான் என் பெட்டி ஆனது.

கோட்டக்குப்பத்துக்காரர் போன் செய்தார். "மாஃப் பண்ணிடுங்கண்ணே, அந்த ரெண்டு பெட்டி வேணாம். துபாய்லேர்ந்து அண்ணன் வாங்கியாறேன்னுட்டாரு" என்றார். காரணம் கேட்டேன். "உங்க மாமாவே மைக்குல சொல்றாரே" என்றார். ஆரோவில் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். கட்டி முடித்த பெட்டிகள் அலமாரியில் கிடந்தன. மோட்டார் கொண்டுவருகிறவர்கள் அதைப் பார்த்து, "இன்னாப்பா, உப்பு டப்பாவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது.

ஒரு மத்தியானம் மாமா கேபிளைக் கொண்டுவந்து போட்டார். "இதுதான்டா பிரச்சன. உள்ள ஒயரு உட்டுப்போச்சி." சோதித்துவிடலாம் என்று மீட்டரை அவர் கையில் கொடுத்தேன். ஒயரின் இந்த முனையிலும் அந்த முனையிலும் மீட்டரின் கம்பிகளை வைத்தால், ஒயர் முழுசாக இருந்தால் மீட்டர் பீ என்று கத்தும். அறுந்திருந்தால் கத்தாது. கேபிள் நீளம், நான் குனிந்து இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மீட்டரை மடியில் வைத்திருந்தார்.

"சத்தம் வந்தா சொல்லு மாமா" என்றேன். கம்பியை வைத்தேன். மீட்டர் கத்தியது.

"வரலடா" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். விளையாடுகிறார் என்று நினைத்தேன். கம்பியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். மீட்டர் அவர் மடியிலேயே கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் கூட என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். மாமா உதட்டைப் பிதுக்கினார். "செத்த ஒயருடா. நான்தான் சொன்னனே. உப்புதான்."

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஐயோ பாவம் என்று தோன்றவில்லை. சந்தோஷம்தான் பொங்கியது. என் பெட்டி நல்ல பெட்டி. என் வார்னிஷ் நல்ல வார்னிஷ். இத்தனை நாளும் என் கையில் இருப்பதாகச் சொன்ன கோளாறு அவர் காதில் இருந்திருக்கிறது. வருஷக்கணக்கில் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்து, கூர்மையான சத்தங்கள் எல்லாம் அவரை விட்டு ஒவ்வொன்றாகப் போயிருக்கின்றன. நானும் கண்டென்சரைக் குறைத்துக் குறைத்து அவருக்குக் கேட்காததையெல்லாம் ஊர்க்காரர்களின் காதில் குத்தியிருக்கிறேன்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பதறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கை வேலையை நிறுத்தவே இல்லை.

"தெரியும்டா. வூட்ல குக்கர் விசில் அவருக்குக் கேக்கறதில்ல. டாக்டர்கிட்ட கூட போயிட்டு வந்துட்டோம். மெஷின் வெச்சிக்கச் சொன்னாங்க. காதுல மெஷின் வெச்சிக்கினு கிட்டாரோட நின்னா எவன் கூப்புடுவான்?"

"அப்ப மாமாவுக்கும் தெரியுமா?"

"தெரியாம?"

"தெரிஞ்சிக்கினேதான் மைக்கப் புடிச்சி என் பேரக் கெடுத்தாரா? நீயும் பாத்துக்கினு இருந்தியா?"

அக்கா அப்போதுதான் திரும்பினாள். "உன் பேரு போனா நீ மோட்டார் கட்டிப் பொழச்சிப்ப. அவரு பேரு போனா அவரு இன்னாடா பண்ணுவாரு? உப்பு வாரப் போவாரா? எவனாவது ஒருத்தன் மேல போட்டுத்தான ஆவணும்? நீதான் இருந்த."

கூடப் பிறந்தவள் சொன்னாள். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.  சாப்பிட்டுப் போ என்றாள். சாப்பிடாமல் வந்தேன்.

மாசி மகத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் குழுவின் ஓனர் கூப்பிட்டு அனுப்பினார். அவர்தான் குழுவில் பாடுகிறவரும். மேடையில் கண்டத்தைக் கிழித்துக்கொண்டு பாடுவார், கீழே இறங்கிவிட்டால் தொண்டையைக் காப்பாற்றுவதற்காக முணுமுணுப்பார். அவர் பேசினால் நாம்தான் காதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். "மாசி மகத்துல கடற்கரையில பெரிய கச்சேரி. உங்க மாமா சவுண்டு தாங்க முடியலன்னு கமிட்டிக்காரங்க சொல்லிட்டாங்க. கோளாறு பெட்டியிலயா ஆளுலயா? பெட்டின்னா சரி பண்ணிக் குடு, அவரே வாசிக்கட்டும். ஆளுன்னா எனக்குத் திண்டிவனத்துல வேற பையன் ரெடியா இருக்கறான்" என்றார்.

பெட்டிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய? அக்கா முகம் குறுக்கே நின்றது.

வழியிலேயே யோசனை வந்துவிட்டது. புதிதாக ஒரு பெட்டி கட்டினேன். உள்ளே கண்டென்சரை ஆரம்பத்தில் இருந்த நல்ல அளவுக்கே வைத்துப் பற்றவைத்துவிட்டேன். கேட்கிறவர்களுக்கு இனிமேல் ஊசி குத்தாது. வெளியே, மற்றக் குமிழ்களோடு சேர்த்து, கொஞ்சம் பெரிதாக ஒரு குமிழ் வைத்தேன். பக்கத்தில் 'கூர்மை' என்று எழுதினேன். அந்தக் குமிழுக்குப் பின்னால் ஒரு ஒயர் கூட இல்லை. எவ்வளவு திருகினாலும் அது வெறுமனே சுற்றும். மாமா தன் இஷ்டத்துக்குத் திருகிக்கொண்டு திருப்தியாக இருக்கலாம், ஊரும் நிம்மதியாக இருக்கும். அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்படா" என்றாள். அவள் அப்படிப் பிடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஒத்திகை ஓனரின் தகர ஷெட்டில், சாயங்காலம். குழுவில் எல்லோரும் இருந்தார்கள். பெட்டியை மாட்டினேன். மாமா மிதித்து ஒரு தடவை வாசித்தார். முகம் சுளித்தார். "கூர்மைன்னு இருக்குது பார் மாமா, அத ஏத்து" என்றேன். திருகினார். மறுபடி வாசித்தார். முகம் மலர்ந்தது.

"இதான்டா! இதத்தான்டா கேட்டேன்!"

ஓனர் தலையை ஆட்டினார். கீபோர்டுக்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். என் பக்கம் யாரோ ஒரு டீயை நீட்டினார்கள். எல்லாம் முடிந்தது, நன்றாகவே முடிந்தது என்று நினைத்தேன்.

மாமாவுக்குத்தான் அது போதவில்லை. நாலு பேர் முன்னால் என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "இத்தினி வருஷமா இந்தக் குமிழ வெக்கத் தெரியல பாருங்க இவனுக்கு! ரெண்டு வருஷமா எனக்கு உப்பத் தின்னக் குடுத்தான் சார். இவனால என் பேரே போயிருக்கும். பம்பு செட்டுக்காரன பம்பு செட்டோட நிறுத்தணும். அவன் பொட்டியக் கால்ல மிதிக்கறோம் இல்ல, அதுதான் அதுக்கு மரியாத."

சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். தெரிந்துகொண்டே சொல்கிறார். தன் காது போனது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அக்கா அவரிடம் சொல்லியிருப்பாள், என் வாயிலிருந்து எதுவும் வராது என்ற தைரியத்தில் சொல்கிறார். டீயைக் கீழே வைத்தேன். கேபிளைப் பிடுங்கினேன். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, பெட்டியைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றினேன். அடித் தகட்டை எடுத்துவிட்டு ஓனர் முன்னால் வைத்தேன்.

"அந்தக் குமிழுக்கு ஒயர் எங்க போவுதுன்னு பாருங்க."

மற்றக் குமிழ்களின் பின்னால் சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள் போயின. அந்த ஒன்று மட்டும் மூன்று காலையும் நீட்டிக்கொண்டு மொட்டையாக நின்றது. கீபோர்டுக்காரருக்கு முதலில் புரிந்தது. அவர் சிரித்துவிட்டார், சிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். தபேலாக்காரர் பொத்தவில்லை. மாமா குனிந்து பார்த்தார். ஒரு விரலால் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தார். ஸ்ப்ரிங் மாதிரி அது ஆடியது.

அன்றைக்கு அந்த ஸ்க்ரூவைக் கழற்றியிருக்க வேண்டாம் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். கழற்றியிருக்கத்தான் வேண்டும் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். எங்களுக்குள் பேச்சு அதோடு நின்றுவிடும்.

மாமா நிமிர்ந்தார். என் கையிலிருந்து டெஸ்டரை வாங்கினார். தகட்டை வைத்து, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக அவரே முடுக்கினார். கேபிளைச் சொருகினார். பெட்டியை மிதித்தார். மாசி மகத்துக்கு என்று வைத்திருந்த பாட்டின் நடுவில் கிட்டார் மட்டும் தனியாக வருகிற இடத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

நன்றாக வாசித்தார் என்று சொன்னால் பத்தாது. என் பெட்டியில் அவ்வளவு நல்ல வாசிப்பு அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழவில்லை. மேல் கட்டையில் பாதி அவர் காதுக்கே எட்டியிருக்காது. விரலுக்குத் தெரிந்திருந்தது.  கோபம் போய், எனக்கு அவர் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

ஓனர் எழுந்து பக்கத்தில் வந்தார். மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை விடாமலே, தரையைப் பார்த்துக்கொண்டு, எப்போதும் போல முணுமுணுத்தார்.

"ரொம்ப நல்லா வாசிச்சீங்க. ஆனா இனிமே வர வேணாம். இங்க இத்தினி பேரு பாத்துட்டானுங்க. செவுட்டு ஆள வெச்சிக் கச்சேரி பண்றான்னு ஊர்ல சிரிப்பானுங்க."

எனக்குக் கேட்டது. கீபோர்டுக்காரருக்கும் கேட்டது. மாமா குலுக்குகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பு வந்திருந்தது, இரண்டு வருஷமாக நான் பார்க்காத, கிண்டல் இல்லாத சிரிப்பு.

"இன்னாடா சொல்றாரு?" என்று என்னைக் கேட்டார்.

ஓனர் கையை விட்டுவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார். மற்றவர்கள் தங்கள் தங்கள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். ஓனர் சொன்னதை அப்படியே நான்தான் சொன்னேன். மாமாவுக்கு அது சரியாகக் கேட்கவில்லை. சிரிப்பு மாறாமல் காதைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார். இன்னொரு தடவை, ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.